மஞ்சள் பெட்டிக்குள் போன நான்காம் எண்

சுடர்விழி என்று பெயர் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "மருதையன் மகள், அறுப்பு மிஷின் வரிசையை அழிச்சுப்புட்டாளே, அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரிசையை அழித்தது அவள் இல்லை, நான். இது முழுசாக மூன்று பேருக்குத் தெரியும். அவள் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மற்ற இரண்டு பேர் சொல்வதில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவனான நான் இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். உழவர் குழு அலுவலகத்தில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். குழுவுக்கு இரண்டு அறுவடை இயந்திரங்கள் உண்டு, இரண்டும் ஈரத்தில் இறங்கும் பெல்ட் வண்டிகள். தை பிறந்தால் நூற்று நாற்பது குடும்பம் அந்த இரண்டு வண்டிக்காகக் காத்து நிற்கும். சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கும் நேரத்தில் மழை பிடித்தால் ஆறு மாதப் பாடு சேற்றோடு சேறு. அதனால் வண்டி யார் வயலில் முதலில் இறங்குகிறது என்பதுதான் இங்கே பெரிய சங்கதி. முன்பெல்லாம் அது யார் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மருதையன் யாருக்குப் போன் செய்வார்? அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்த குடும்பம். இப்போது சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு ஆறு மா. வண்டிக்காரர்கள் அவர் வயலுக்கு எப்போதும் கடைசியில்தான் வருவார்கள், வந்தால்.

அவருக்கு ஒரே மகள் சுடர்விழி. அரசுக் கல்லூரியில் கணினி படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் பதினான்கு மாதம் இருந்தாள். மென்பொருளோடு வரும் உதவிப் பக்கங்களைத் திருத்துவது அங்கே அவள் வேலை. கம்பெனி ஆள் குறைத்தபோது முதலில் கை வைத்தது அந்தப் பிரிவில்தான். திரும்பி வந்து நன்னிலம் கடைத்தெருவில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, வருமானச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த எழுத்தைப் பார்த்தாலும் நெற்றியைச் சுருக்குவாள். பஸ் ஸ்டாண்ட் பலகை, பூச்சிமருந்து டப்பா, மொய் விருந்துப் பத்திரிகை, எதுவும் தப்பாது. "படிக்கிறவன் முதல்ல எதைச் செய்வான்னு யோசிக்காம எழுதியிருக்கான்" என்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தன் கடையின் விசிட்டிங் கார்டைப் பெருமையாக நீட்ட, போன் நம்பர் ஏன் இத்தனை பொடியாக இருக்கிறது என்று கேட்டாளாம். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. அவள் அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

குழுவுக்குப் பண்ணைத்துணை என்ற மென்பொருளைக் கொண்டுவந்தவள் அவள். ஓப்பன் சோர்ஸ், அதாவது யாருக்கும் சொந்தமில்லாதது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விலை கிடையாது. ஊர்க் குளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க எல்லோரும் வருவார்கள், தூர்வார ஒருத்தரும் வர மாட்டார்கள். சும்மா கிடைக்கிறது என்றதும் எங்கள் தலைவர் சாமிதுரை சரி என்றார். வேண்டியவர்கள் அலுவலகத்தில் வந்து பெயர் சொல்ல வேண்டும். முதலில் வந்தவருக்கு முதல் எண். எண் உடனே அவர் கைப்பேசிக்குச் செய்தியாகப் போய்விடும். அதற்கப்புறம் தலைவரே நினைத்தாலும் முன்பின் மாற்ற முடியாது. சாமிதுரைக்கு இந்தக் கடைசி விஷயம் புரிந்திருந்தால் அன்றைக்கே வேண்டாம் என்றிருப்பார்.

அந்த மென்பொருளுக்குத் தமிழில் கையேடு இல்லை. இ-சேவை மையத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். யாரும் கேட்கவில்லை, யாரும் ஐந்து பைசா கொடுக்கவில்லை. எழுதியதோடு விடாமல், எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நாங்கள் அதை எப்படிப் படிக்கிறோம் என்று நான்கு நாள் பார்த்தாள்.

நாங்கள் படிக்கிற விதம் தனி. மேலாளர் இளையபெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கைப்பேசியிலிருந்து உரக்கப் படிப்பார். கோயிலில் பஞ்சாங்கம் படிக்கிற குரல். "ஒன்று" என்பார், நான் ஒன்றைச் செய்வேன். "இரண்டு" என்பார், இரண்டைச் செய்வேன். அவர் வாய், என் கை. எண் போட்டிருப்பதைத்தான் அவர் படிப்பார். எச்சரிக்கைகளை அவள் மஞ்சள் பெட்டிக்குள் கட்டம் கட்டிப் போட்டிருந்தாள், அதுதான் எல்லாக் கையேட்டிலும் வழக்கமாம். இளையபெருமாள் நான்கு நாளும் ஒரு பெட்டியைக்கூடப் படிக்கவில்லை. ஏன் சார் என்று அவள் கேட்டாள்.

"கட்டம் கட்டிப் போட்டா அது விளம்பரம்தானேம்மா" என்றார் அவர். "பேப்பர்ல அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு பக்கத்தையும் பிரித்து மறுபடி எழுதினாள். தமிழ்ப் பக்கங்களுக்கென்று அமைப்பு விதிகளையும் ஒரு தாளில் எழுதி மென்பொருளோடு சேர்த்தாள். ஓர் எண்ணுக்கு ஒரே செயல். உரக்கப் படித்தால் விளங்காத அட்டவணை கூடாது. எச்சரிக்கைக்குப் பெட்டி கிடையாது. எச்சரிக்கையும் ஓர் எண், ஆபத்தான செயலுக்கு முந்தின எண்.

அந்த விதி எதற்கு முக்கியம் என்றால், பண்ணைத்துணையில் ஒரு கோளாறு இருந்தது. புதிதாக ஒரு வண்டியைச் சேர்த்தால் இருக்கிற வரிசை முழுக்க அழிந்துவிடும். முதலில் நகல் எடுத்துவைத்து, வண்டியைச் சேர்த்தபின் நகலைத் திரும்ப ஏற்ற வேண்டும். மூன்று வருடமாகப் பலர் புகார் செய்தும் அதைச் சரிசெய்ய ஆள் வரவில்லை. ஆகவே அந்தக் கோளாறுக்கும் ஊருக்கும் நடுவில் நின்றது அவள் எழுதிய ஒரு வரிதான். வண்டி சேர்க்கும் பக்கத்தில் நான்காம் எண்: "நிறுத்துங்கள். வரிசையை நகல் எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் ஐந்துக்குப் போகாதீர்கள்." முதல் தையில் வாடகை வண்டி ஒன்றைச் சேர்த்தபோது இளையபெருமாள் அதைப் படித்துவிட்டுத் தானே பயந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றினார். நான் நகல் எடுத்தேன். அந்த வருடம் மருதையன் வயலில் வண்டி முதல் வாரமே இறங்கியது. எண் வந்தது, வண்டி வந்தது, அவ்வளவுதான். அவர் அலுவலகத்துக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அடுத்த வருடம் பண்ணைத்துணைக்கு எங்கிருந்தோ நிதி வந்தது. அந்தக் கோளாறைச் சரிசெய்வார்கள் என்று அவள் நினைத்தாள். அதற்குப் பதில் கையேட்டை அழகுபடுத்த ஒரு குழுவைப் போட்டார்கள். தமிழுக்குப் பொறுப்பு நெடுமாறன் என்பவர். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை, இருப்பது வெளிநாட்டில். மரியாதையான மனிதர். ஒவ்வொரு பதிலையும் நன்றியில் தொடங்கி நன்றியில் முடிப்பார். எல்லா மொழியிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும், எச்சரிக்கை ஒரு செயல் அல்ல என்பதால் அதற்கு எண் கொடுப்பது தவறு, அது மஞ்சள் பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்று இருபத்திரண்டு பக்கத்தையும் மாற்றினார். நான்காம் எண் பெட்டிக்குள் போனது. ஐந்து நான்காகிவிட்டது.

சுடர்விழி விடவில்லை. முப்பது முப்பத்தைந்து பதில் எழுதியிருப்பாள், எனக்கே சிலதைக் காட்டினாள். பெட்டியைத்தான் பயனரின் கண் முதலில் பார்க்கும் என்று ஆய்வு இருப்பதாக அவர் எழுதினார். எங்கள் ஊரில் படிப்பது ஒருவர், செய்வது வேறொருவர், செய்கிறவர் கண்ணுக்குப் பக்கமே தெரியாது என்று இவள் எழுதினாள். ஓர் அலுவலகத்தில் நான்கு நாள் பார்த்தது ஆய்வாகாது என்றார் அவர். நானும் தஞ்சாவூர் மண்ணுக்காரன்தான், நம் மக்களைக் குறைவாக நினைக்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அதைப் படித்தபோது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கடைசியில் வாக்கெடுத்தார்கள். அவளைத் தவிர ஐந்து பேர், ஒருவர்கூட வயலில் கால் வைத்தவர் இல்லை. ஐந்துக்கு ஒன்று என்று தோற்றாள். அந்த ஒன்று அவளுடையது.

அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, பக்கத்தை மாத்திட்டாங்க. வண்டி சேர்க்கிறப்ப மஞ்சப் பெட்டியையும் படிக்கச் சொல்லுங்க, மறந்துடாதீங்க" என்றாள். சரி என்றேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியும்.

தை பத்தாம் தேதி வாடகைக்கு மூன்றாவது வண்டி வந்தது. வானிலை அறிக்கையில் மழை சொல்லிவிட்டார்கள். சாமிதுரையும் நிலக்காரர்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து, சீக்கிரம் ஆகட்டும் என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இளையபெருமாள் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, சேர் என்ற பொத்தானை அழுத்தவும். எனக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. சார், அந்தப் பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டால் அத்தனை பேர் எதிரில் இளையபெருமாளின் முகம் சுண்டிவிடும். அதை நினைத்தேன். போன தடவை எல்லாம் நன்றாகத்தானே நடந்தது என்றும் நினைத்தேன். அழுத்தினேன்.

நூற்று நாற்பத்து மூன்று பேர் போய்விட்டார்கள். திரையில் புது வண்டியின் பெயர் மட்டும் இருந்தது.

சாமிதுரை பதறவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "விடுங்கப்பா, மிஷினை நம்புனா இப்படித்தான். ஞாபகத்துல இருந்து எழுதிக்குவோம்" என்றார். ஞாபகத்திலிருந்து அவர் பெயர் சொல்ல, இளையபெருமாள் எழுதினார். எங்கள் ஊரில் ஒரு தலைவருக்கு யார் யார் பெயர் முதலில் ஞாபகம் வரும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? ரோட்டோரத்து வீடுகள் எல்லாம் முப்பதுக்குள் முடிந்தன. பதினொன்றாம் எண்ணில் இருந்த மருதையன் தொண்ணூற்றாறுக்குப் போனார். அவருக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் எல்லாம் அவர் தெருக்காரர்கள்.

வரிசை எப்படிப் போனது என்று ஊர் கேட்டது. இளையபெருமாள் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கையேட்டில் இருந்தபடிதான் செய்தோம், கையேடு தப்பு என்றார் அவர். பொய் என்று சொல்ல முடியாது. கையேட்டை எழுதியது யார்? பக்கத்தின் அடியில் பெயர் இருக்கிறது, சுடர்விழி. திருத்தியவர்கள் பெயர் வேறொரு பக்கத்தில் இருக்குமாம், அதை யார் போய்ப் பார்க்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. எண்கள் எல்லோர் கைப்பேசியிலும் செய்தியாக இருக்கின்றன என்பது அவளுக்குத்தான் தோன்றியது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு கைப்பேசியாக வாங்கிப் பார்த்து எழுதினாள். ஒரே நாளில் நூற்றுப் பதினெட்டுப் பேர். ரோட்டோரத்திலும் சிலர் காட்டினார்கள், பலர் செய்தியை அழித்துவிட்டோம் என்றார்கள். மறுநாள் காலை அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து குழுவின் கூட்டத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வாசற்படிக்கு வெளியே மருதையன் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றார்.

சாமிதுரை தாளைப் புரட்டினார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"மென்பொருள் நீ கொண்டாந்தது. பக்கம் நீ எழுதினது. இப்பப் பட்டியலும் நீ எழுதினது. அதுல பதினொண்ணாவது உங்க அப்பன். எப்படிம்மா நம்புறது?"

"என்னை நம்ப வேணாங்க" என்றாள். "பேர் ஏத்தினது அண்ணன்தான். அவரைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினொன்றாம் பெயரை ஏற்றியது எனக்கு அப்படியே நினைவிருந்தது. மார்கழிக் காலை, மருதையன் ஈரத் துண்டோடு வந்தார். எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, தெருவில் போகிறவரிடமெல்லாம் பதினொண்ணு பதினொண்ணு என்று சொல்லிக்கொண்டே போனார். ஆனால் பதினொன்று மருதையன் என்று நான் சொன்னால் பட்டியல் உண்மையாகும். பட்டியல் உண்மையானால் பக்கத்தைப் பற்றி அவள் சொன்னதும் உண்மையாகும், அழித்தது யார் என்ற கேள்வி வரும். என் வேலை இன்னும் தற்காலிகம்தான்.

"சரியா ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

சுடர்விழி தாளை மடித்துக்கொண்டு வெளியே போனாள். மருதையன் அவள் பின்னால் போனார். கூட்டத்தில் டீ வந்தது, நானும் குடித்தேன்.

தை பதினான்கில் மழை பிடித்து இரண்டு நாள் பெய்தது. வடிகால் தூர்ந்து கிடந்ததால் தண்ணீர் ஒரு வாரம் நின்றது. தொண்ணூற்றாறாம் எண்ணுக்கு வண்டி போனபோது மருதையன் வயலில் நெல் படுத்து, கதிரிலேயே முளைவிட்டு வெள்ளையாக இருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு அறுக்கலாமா என்று கேட்டாராம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, மருதையன் வயலில் மாட்டை விட்டார். விளைந்த வயலில் மாடு மேய்ந்ததை ஊரே பார்த்தது. சாமிதுரைகூடப் போய், பாவம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

பத்து நாள் கழித்துச் சுடர்விழி அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்தது அந்தக் கையேட்டுப் பக்கத்துக்காக. நடந்ததை எழுதி, பெட்டியை எடுத்துவிட்டு நான்காம் எண்ணைத் திரும்பக் கொடுங்கள் என்று புகார் பதிந்திருக்கிறாள். நெடுமாறன் மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறார்: மிகவும் வருந்துகிறோம், ஆனால் இது உங்கள் ஊகம், பெட்டியைப் படிக்காமல் அந்தப் படிகளைச் செய்த பயனர் நேரில் பதிவிட்டால் விதியை மாற்றுவது பற்றிப் பேசலாம். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் புகார் தானாக மூடிக்கொள்ளும்.

"ரெண்டு வரி போதும்ணே" என்றாள். "பெட்டியைப் படிக்கலை, அழுத்திட்டோம்னு. இந்த ஊரு முடிஞ்சுபோச்சு. இன்னும் எத்தனையோ ஊர்ல அதே பக்கத்தைத்தான் வாசிக்கிறாங்க."

பார்க்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் வீட்டு விஷயத்தையும் சொன்னாள். உன்னால்தான் என்கிறார்களே, நிஜமா என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். பெட்டி, எண் என்று இவள் விளக்கியிருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு, பெட்டியில் போட்டால் என்ன, வெளியில் போட்டால் என்ன, எழுதினது நீதானே என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. சின்ன வயசிலிருந்தே அவளை எனக்குத் தெரியும், அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

அப்புறம் இரண்டு தடவை வந்தாள். ஒரு தடவை நெட் வரவில்லை என்றேன். இன்னொரு தடவை அவள் வருவதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டேன். முப்பது நாள் ஆனது, புகார் மூடிக்கொண்டது. அதற்குமேல் அவள் எந்தப் பக்கத்தையும் திருத்தவில்லை. இ-சேவை மையத்தில் இப்போதும் இருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர்ச்சாரியில் நடந்துவிடுகிறேன். குழு நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது, சாமிதுரைக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. மென்பொருள் வேண்டாம் என்றான பிறகும் என் வேலை போகவில்லை, நிரந்தரம்கூட ஆகிவிட்டது.

போன வாரம் பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் உழவர் குழுக்காரர் போன் செய்தார். பண்ணைத்துணை பயன்படுத்துகிற ஊர்களின் பட்டியலில் எங்கள் அலுவலக எண் இன்னும் இருக்கிறதாம். இன்று காலை புது வண்டி ஒன்றைச் சேர்த்தோம், அதற்குப் பிறகு வரிசையைக் காணோம், இருநூறு பேர் வாசலில் நிற்கிறார்கள், நீங்கள்தானே இதைப் பயன்படுத்தியவர்கள், உங்களுக்கு இப்படி ஆனதுண்டா என்று கேட்டார்.

எங்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை என்றேன். அந்தக் கையேட்டை எழுதியது சுடர்விழி என்று ஒரு பெண், எதுவானாலும் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவள் நம்பரைக் கொடுத்தேன்.